கடைக்காரர் எதிர்க்கிறார், கொடுப்பது யார்?

நாகர்கோவில் கோட்டாறு கடைத்தெருவில் பட்ஜெட் நாளன்று ஒரே கேள்விதான் உலவும். “எதுக்கு எவ்வளவு கூட்டியிருக்கு?” சென்னையில் நிதி மந்திரி வாசிக்கும் நீண்ட பேச்சில் பள்ளிக்கூடம் வரும், பாலம் வரும், குடிநீர் வரும். கடைக்காரர் காது இதற்கெல்லாம் திறக்காது. வரியைப் பற்றிய பகுதிக்காகக் காத்திருக்கும். வரி கூடிவிட்டது என்றால் மறுநாளே சங்கக் கூட்டம், கண்டனத் தீர்மானம், மந்திரிக்கு மகஜர். அதற்கும் சர்க்கார் மசியவில்லை என்றால் ஒரு நாள் கடையடைப்பு.

இப்போது அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ‘ஒன்றும் கூட்டவில்லை’ என்ற பதிலே வருகிறது. ஆனாலும் வரி ஏறத்தான் செய்கிறது. அது எப்படி என்பதைப் பார்க்குமுன், வியாபாரிகள் எதை எதிர்த்தார்கள், ஏன் எதிர்த்தார்கள் என்ற பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர்களுடைய மகஜர்களில் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும். ‘இந்த வரியால் ஏழை எளிய மக்கள் பாதிக்கப்படுவார்கள்’ என்பது அது. பொய் அல்ல. கடைக்காரர் வரியைத் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. பொருளின் விலையோடு சேர்த்து நம்மிடம் வாங்கி, சர்க்காரிடம் கட்டுகிறார். கொடுப்பவர் நாம், கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அவர். அப்படியானால், தம் கைப்பணம் போகாத ஒரு வரியை எதிர்த்து அவர் ஏன் ஒரு நாள் வியாபாரத்தையே விட்டுக் கடையை மூட வேண்டும்?

ராஜாஜி போட்ட அரை சதவீதம்

தமிழ்நாட்டில் இந்தச் சண்டை தொடங்கியது 1939-ம் ஆண்டில். அப்போது சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ராஜாஜி. 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பிறகு வேறு சில ஜில்லாக்களுக்கும் அது பரவியது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடியதால் குடும்பங்களுக்கு லாபம். ஆனால் சர்க்கார் கஜானாவில் ஓட்டை விழுந்தது. மாகாணத்தின் வருமானத்தில் பெரும் பகுதி அந்தக் கடைகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஓட்டையை அடைக்க ராஜாஜி கண்ட வழி விற்பனை வரி. சரக்கு விற்பனையின் மீது வரி போடும் அதிகாரத்தை 1935-ம் ஆண்டு அரசியல் சட்டம் மாகாணங்களுக்குக் கொடுத்திருந்தது. ஆனால் எல்லாச் சரக்குக்குமாகப் பொதுவில் வரி போட யாரும் துணியவில்லை. இந்தியாவிலேயே முதலில் துணிந்தது சென்னை மாகாணம்தான். 1939 அக்டோபரில் வரி நடைமுறைக்கு வந்தது. அந்த மாதக் கடைசியிலேயே, யுத்தம் பற்றிய தகராறில், ராஜாஜி மந்திரிசபை ராஜினாமாச் செய்துவிட்டது. போட்டவர் போய்விட்டார், வரி நின்றுவிட்டது.

வீதம் என்ன தெரியுமா? வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாக வியாபாரம் செய்கிறவருக்கு வரி இல்லை. அதற்கு மேல் 20,000 வரை மாதம் 5 ரூபாய். அதையும் தாண்டினால் மொத்த விற்பனையில் நூற்றுக்கு அரை ரூபாய். தம் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயிக்கு வரி இல்லை. கைத்தறித் துணி மட்டும் விற்கும் கடைக்கும் இல்லை.

இன்றைய கணக்கில் பார்த்தால் அரை ரூபாய் அற்பம். ஆனாலும் வியாபாரிகள் பலமாக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு மூட்டை மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மண்டிக்காரர் விற்கும்போது அரை. அவரிடம் வாங்கிய தரகர் விற்கும்போது இன்னொரு அரை. ஊர் மொத்தக்கடையில் ஒன்று, மளிகைக் கடையில் ஒன்று. நான்கு கை மாறினால் அரை ரூபாய் இரண்டு ரூபாயாகிவிடும். சொந்தமாக மண்டியும் சில்லறைக் கடையும் வைத்திருக்கும் பெரிய முதலாளிக்குக் கை குறைவு, வரியும் குறைவு. நாலு பேரிடம் வாங்கி விற்கும் சின்னக் கடைக்காரரின் சரக்கு அந்த அளவுக்கு விலை கூடிவிடும்.

அந்த 5 ரூபாயையும் சற்றே கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 60 ரூபாய். சரியாகப் பத்தாயிரத்துக்கு வியாபாரம் செய்கிறவருக்கு அது நூற்றுக்கு 60 பைசா. லட்சக்கணக்கில் விற்கிறவருக்கு நூற்றுக்கு 50 பைசாதான்! சிறியவருக்குச் சலுகை என்று பெயர், பளு என்னவோ அவருக்குத்தான் கூடுதல்.

எல்லாவற்றையும்விட அவர்களை உறுத்தியது கணக்குப் புத்தகம். அதுவரை பேரேடு என்பது கடைக்காரருக்கும் அவர் வீட்டு லட்சுமிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். இனி ஒரு சர்க்கார் அதிகாரி வந்து அதைப் புரட்டிப் பார்ப்பார். எழுதியது சரியா என்று கேட்பார். எழுதாததைப் பற்றியும் கேட்பார். வரியின் வீதத்தை எதிர்ப்பதாகச் சொன்ன பல மகஜர்கள் உண்மையில் இந்த அதிகாரியின் வருகையை எதிர்த்தவையே என்று சொன்னால் பிசகாகாது.

ஒரு வேடிக்கையும் உண்டு. மது வருமானம் போனதை ஈடு செய்யத்தான் இந்த வரி பிறந்தது. 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-ல் திரும்ப வந்தது, 1981-ல் மறுபடி போனது. 2003-லிருந்து சில்லறை மதுக்கடைகளை டாஸ்மாக் மூலம் சர்க்காரே நடத்துகிறது. இவ்வளவு நடந்தும் விற்பனை வரி மட்டும் போகவில்லை. வீதம் ஏறி, பெயர் மாறி, வளர்ந்துகொண்டே வந்தது. ‘வந்த வரி போகாது’ என்று வியாபாரிகள் அஞ்சுவதற்குக் காரணம் வேண்டுமா?

நம் மண்ணில் நடந்தது

1939-ல் இந்தச் சண்டை நடந்தபோது நாகர்கோவில் அந்த மாகாணத்தில் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் சென்னை மாகாணம், இந்தப் பக்கம் திருவாங்கூர் சமஸ்தானம். ஆனால் வரியை எதிர்ப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. அதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிருந்து ஒருவர் புறப்பட்டிருக்கிறார்.

1799-ம் ஆண்டு. திருவாங்கூரில் பதின்ம வயது ராஜா பாலராம வர்மா. கஜானா காலி. அதிகாரம் முழுவதும் ஜயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன் என்ற மூன்று பேர் கையில் இருந்தது. அவர்கள் பணமுள்ளவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ‘இவ்வளவு கட்டு’ என்று கேட்டார்கள். கட்டாதவர்களுக்குத் தண்டனை. அப்படிக் கூப்பிடப்பட்டவர்களில் ஒருவர் நாகர்கோவிலுக்கு வடமேற்கே உள்ள தலக்குளத்தைச் சேர்ந்த வேலுத்தம்பி. பணம் கொண்டுவர மூன்று நாள் தவணை கேட்டுவிட்டு ஊருக்கு வந்தார். பணத்துக்குப் பதிலாக ஜனக்கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்குத் திரும்பினார். மூன்று பேரும் பதவி இழந்தார்கள்.

இதற்குப் பின்னால் நடந்ததைப் பலர் சொல்வதில்லை. அதே வேலுத்தம்பி பிற்பாடு திவானானார். கஜானா அப்போதும் காலிதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ ஆண்டுதோறும் கப்பம் கட்டியாக வேண்டும். செலவைக் குறைக்க, நாயர் பட்டாளத்தின் படிகளில் கை வைத்தார். 1804-ல் பட்டாளமே கலகம் செய்தது. வசூலை எதிர்த்துக் கூட்டம் கூட்டியவருக்கு எதிராகவே கூட்டம் கூடியது! வெளியே நின்று எதிர்ப்பவருக்கும் உள்ளே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவருக்கும் உள்ள வித்தியாசத்தை அவரைப் போல் அனுபவித்தவர்கள் குறைவு.

1956 நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. வரி கேட்கும் சர்க்காரும் மாறியது. 1959-ல் காமராஜ் ஆட்சியில் புதிய விற்பனை வரிச் சட்டம் வந்தது. அப்போது நிதி மந்திரி சி. சுப்பிரமணியம். பல சரக்குகளுக்கு ஒரே ஒரு கையில் மட்டும் வரி, மற்றவற்றுக்குக் கைக்குக் கை வரி என்று அது பிரித்தது. மிளகாய் மூட்டைக் கணக்கின் தொல்லை ஓரளவு குறைந்தது.

காமராஜ் ஆட்சியில்தான் பள்ளிக்கூடங்களில் மத்தியானச் சாப்பாடு பரவியது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்ததும் அப்போதுதான். அதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதிலில் பெரும் பங்கு விற்பனை வரிதான். அதே காமராஜை நாகர்கோவில் தொகுதி 1969-லும் 1971-லும் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. வரி கட்டிய கடைக்காரர்களும் அதில் ஓட்டுப் போட்டிருப்பார்கள்.

களியக்காவிளைக் கணக்கு

எல்லை மாவட்டத்துக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. எல்லை 1956-ல் ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளைக்கு மாறியது. பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வேறு ராஜ்யம், வேறு வரி. மதுரையிலோ சேலத்திலோ நூற்றுக்கு இரண்டு ரூபாய் வரி கூடினால், வாங்குகிறவர் முணுமுணுத்துக்கொண்டே அங்கேதான் வாங்குவார். மார்த்தாண்டத்தில் கூடினால், பாறசாலைக்குப் போய் வாங்கிவருவார். இந்த வாடிக்கையாளரை இழக்கும் பயம் மற்ற மாவட்டக் கடைக்காரருக்கு இல்லை. ஆகவே எல்லையோர வியாபாரி ‘வரியைக் குறையுங்கள்’ என்பதைவிட ‘இரண்டு பக்கமும் ஒன்றாக வையுங்கள்’ என்று கேட்பதுதான் பொருத்தம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ‘வாட்’ என்ற மதிப்புக் கூட்டு வரி சாட்சி. அதன் முறை நல்ல முறைதான். ஒரு கடைக்காரர் 1,000 ரூபாய்ச் சரக்கை வாங்கும்போது 4 சதவீதம், அதாவது 40 ரூபாய் வரி கொடுக்கிறார். அதை 1,200 ரூபாய்க்கு விற்கும்போது நம்மிடம் 48 ரூபாய் வரி வாங்குகிறார். கொடுத்த நாற்பதைக் கழித்து, எட்டு ரூபாய் கட்டினால் போதும். எத்தனை கை மாறினாலும் வரி மேல் வரி ஏறாது. 1939-ம் வருஷத்துக் குறை தீர்ந்தது!

அப்படியும் வியாபாரிகள் 2005-ல் நாடெங்கும் கடையடைத்தார்கள். காரணம் அதே பழைய பேரேடுதான். கொடுத்த நாற்பதைக் கழிக்க வேண்டுமானால் வாங்கியதற்குப் பில் வேண்டும். பில் இருந்தால் கணக்கு வெளியே வரும். கம்ப்யூட்டரும் குமாஸ்தாவும் வைத்திருக்கும் பெரிய கடைக்கு இது ஒரு வேலையே அல்ல. தாமே கல்லாவில் உட்கார்ந்து, தாமே பொட்டலம் கட்டும் சின்னக் கடைக்காரருக்கு ராத்தூக்கம் போகும் வேலை.

பெரும்பாலான ராஜ்யங்களும், அவற்றோடு கேரளமும், 2005 ஏப்ரல் 1-ல் வாட் முறைக்குப் போயின. தமிழ்நாட்டில் வியாபாரிகளின் எதிர்ப்புக்குப் பிறகு ஜெயலலிதா அரசு அதைத் தள்ளிவைத்தது. கருணாநிதி ஆட்சியில் 2007 ஜனவரி 1-ல்தான் இங்கே வந்தது. நடுவில் 21 மாதம் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் வேறு முறை. எதிர்ப்பு வென்றது உண்மை. ஆனால் எல்லையில் கடை வைத்தவருக்கு அந்த வெற்றி எவ்வளவு இனித்திருக்கும் என்பது சந்தேகம். அந்தப் பக்கத்து மொத்த வியாபாரிக்கு நம் பில் உதவாது, நமக்கு அவர் பில் உதவாது.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஒரு காரியம் நல்லபடியாக நடந்தது. வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. கேரளத்தின் அமரவிளைச் சாவடி முன்னால் லாரிகள் வரிசைகட்டி நின்றது பழங்கதையாயிற்று. சோப்புக்கும் சட்டிக்கும் இரண்டு பக்கமும் ஒரே வரி.

பெட்ரோலுக்கு மட்டும் அப்படி இல்லை. அது ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கிறது. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் தமிழ்நாடு பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. வருஷத்துக்கு 1,160 கோடி ரூபாய் நஷ்டம் என்று அப்போது நிதி மந்திரி சொன்னார். 2023 பிப்ரவரி பட்ஜெட்டில் கேரளம் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் கூட்டியது. முதியோர், விதவைகள் போன்றோருக்கான சமூகப் பாதுகாப்பு நிதிக்கு என்று காரணம் சொன்னது. ஒரு பக்கம் இறங்கியது, மறு பக்கம் ஏறியது. எல்லை தாண்டி வரும் மோட்டார்காரர் எந்தப் பக்கத்து பம்பில் நிறுத்துவார் என்று சொல்லத் தேவையில்லை. கேரளம் போட்ட 2 ரூபாயில், தமிழ்நாட்டுப் பக்கம் நிரப்பிய லிட்டர்களுக்கு உரியது அதன் முதியோருக்குப் போய்ச் சேரவே சேராது.

குறைந்தபோது என்ன ஆயிற்று?

வாங்குகிறவர் பேரில் மகஜர் எழுதும் சங்கங்களிடம் நாம் ஒன்று கேட்கலாம். வரி குறையும்போது அந்தக் குறைவு நம் கைக்கு வருகிறதா?

2017 நவம்பர் 15-ல் ஏ.சி. ஓட்டல் சாப்பாட்டின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. குழந்தைகளோடு போய் 100 ரூபாய்க்குச் சாப்பிட்டவருக்கு 118 ரூபாய் பில் 105 ஆக வேண்டும். பல ஓட்டல்களில் அப்படி ஆகவில்லை. பண்டத்தின் அடிப்படை விலை ஏறிவிட்டது. பில்லின் அடியில் வரி குறைந்தது, மேலே விலை கூடியது. ஓட்டல்காரர்களும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். வரியைக் குறைத்த கையோடு, வாங்கும் சரக்கில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையையும் சர்க்கார் எடுத்துவிட்டது என்றார்கள். அது உண்மையே. ஆனால் 13 ரூபாயும் அதிலேயே போய்விட்டதா? 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, பற்பசை முதலியவற்றின் வரி 18-லிருந்து 5 ஆனது. வீட்டில் பழைய பில் இருந்தால் புதியதோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வியாபாரியைக் குறை சொல்லவும் பாராட்டவும் அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

பின்வாசல் வரிகள்

இனி, தொடக்கத்தில் விட்ட இடத்துக்கு வருவோம். பட்ஜெட்டில் வரி கூட்டவில்லை என்கிறார்கள். பின் எப்படி ஏறுகிறது?

ஜி.எஸ்.டி. வீதத்தை எந்த ராஜ்யமும் தனியாக மாற்ற முடியாது. டெல்லியும் எல்லா ராஜ்யங்களும் உட்காரும் கவுன்சில்தான் முடிவு செய்யும். முதல் ஐந்து வருஷம் ராஜ்யங்களின் இழப்பை மத்திய சர்க்கார் ஈடுகட்டியது. அந்த ஏற்பாடு 2022 ஜூனோடு முடிந்தது. மாநில சர்க்காரின் சொந்தப் பிடியில் மிஞ்சியவை சிலவே. பெட்ரோல், மது, பத்திரப் பதிவு, வாகன வரி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இவற்றோடு உள்ளாட்சிகளின் சொத்து வரியும் மின்கட்டணமும் சேரும். பணம் வேண்டுமென்றால் இவற்றில்தான் கை வைக்க வேண்டும். கை வைக்கும் நாள் பட்ஜெட் நாளாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இது புதுப் பழக்கமும் அல்ல. 2011-ல் வாட் வீதங்கள் 4-லிருந்து 5 ஆகவும், 12.5-லிருந்து 14.5 ஆகவும் ஏறியது ஜூலை 12-ந் தேதி. பட்ஜெட் படித்தது ஆகஸ்ட் 4-ந் தேதி! 2022-ல் பட்ஜெட் மார்ச் 18-ல் முடிந்தது. இரண்டு வாரம் கழித்து, இடத்துக்கும் பரப்புக்கும் தக்கபடி 25 முதல் 150 சதவீதம் வரை சொத்து வரி உயர்வு வந்தது. நகர உள்ளாட்சித் தேர்தல் அதற்கு முந்திய பிப்ரவரியிலேயே நடந்து முடிந்திருந்தது. மத்திய நிதிக் கமிஷனின் மானியம் கிடைக்க வேண்டுமானால் உயர்த்தியே ஆக வேண்டும் என்று சர்க்கார் சொன்னது. அதே செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. அதை அறிவித்தது சட்டசபை அல்ல, ஒழுங்குமுறை ஆணையம். 2023 நவம்பரில் புது வாகனங்களின் வரி கூடியது. அதற்குத் தனி மசோதா.

வாசல் பல ஆனதால் எதிர்ப்பும் துண்டு துண்டாகிவிட்டது. 1939-ல் அரிசிக்கடையும் துணிக்கடையும் ஒரே சட்டத்தை எதிர்த்தன. இப்போது வாகன வரிக்கு மோட்டார் விற்பனையாளர்கள் மட்டும். மின்கட்டணத்துக்குச் சிறுதொழில்காரர்கள் மட்டும். அவர்கள் 2023 செப்டம்பர் 25-ல் ஒரு நாள் தொழிற்கூடங்களை மூடினார்கள். ஒற்றுமையாக நின்று ஜெயித்தது சினிமாக் கொட்டகைக்காரர்கள்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யோடு 30 சதவீதம் கேளிக்கை வரியும் சேர்ந்தபோது, மாநிலம் முழுவதும் கொட்டகைகளை மூடினார்கள். சில நாளில் பேச்சு நடந்தது. அக்டோபரில் புதிய தமிழ்ப் படங்களுக்கு அது 8 சதவீதமாக நின்றது. மூடிய கொட்டகை எல்லோர் கண்ணிலும் படும்.

சொத்து வரி அப்படிக் கண்ணில் படுவதில்லை. கடைத்தெருக்களில் வாடகைக் கடைகளே மிகுதி. வரிச்சீட்டு கட்டடச் சொந்தக்காரர் பேருக்கு வருகிறது. அவர் வாடகையைக் கூட்டுகிறார். வாடகை கொடுப்பவர் சரக்கின் விலையில் அதைச் சேர்க்கிறார். ஜி.எஸ்.டி. என்றால் பில்லின் அடியில் இத்தனை ரூபாய், இத்தனை பைசா என்று தனியே தெரியும். மூலைக்கடை இட்லி இரண்டு ரூபாய் ஏறும்போது, அதில் மாவுக்கு எவ்வளவு, காஸுக்கு எவ்வளவு, கட்டட வரிக்கு எவ்வளவு என்று எந்தப் பில்லிலும் அச்சாவதில்லை.